குறுவள மையக் கூட்டத்தை இணையத்துக்குக் கொண்டுபோவது எப்படி? நெல்லைப் பக்க ஆசிரியர் குழுக்களுக்கான முழு வழிகாட்டி

அக்கம்பக்கப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையத்தின் ஒரு நாள் பயிற்சியை அப்படியே கூகுள் மீட்டில் ஏற்றினால் என்ன ஆகும் என்பது 2020-க்குப் பிறகு எல்லா ஆசிரியருக்கும் தெரியும். கருத்தாளர் பேசிக்கொண்டே இருப்பார். எண்பது பேர் மியூட்டில் இருப்பார்கள். பாதிப் பேர் அடுக்களையில், மீதிப் பேர் பஸ்ஸில். முடிவில் வருகைக்காக ஒரு ஸ்க்ரீன்ஷாட். நிஷ்தா என்ற தேசிய ஆசிரியர் பயிற்சி 2019-ல் நேரடியாகத் தொடங்கி, 2020 அக்டோபரில் தீக்ஷா தளம் வழியாக இணையவழிக்கு வந்தது. தனியாக உட்கார்ந்து படித்து, வினாடி வினா எழுதிச் சான்றிதழ் வாங்க அந்த முறை போதும். ஆனால் நாலு ஆசிரியர்கள் ஒரு பிள்ளையின் நோட்டைச் சுற்றி உட்கார்ந்து, ‘இவன் ஏன் இப்படிப் போட்டான்?’ என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வது வேறு வேலை. இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது வேலையைப் பற்றியது.

இது ஜப்பானியப் பள்ளிகளில் நூறு வருஷத்துக்கும் மேலாக நடந்துவரும் பாட ஆய்வு முறை. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் பார்ப்பார்கள், பிறகு பேசித் திருத்துவார்கள். நம்மூரில் இதற்குத் தடையாக இருப்பது தூரம். ராதாபுரம் ஒன்றியத்தில் ஈராசிரியர் பள்ளியில் இருக்கும் ஒருவர், வள்ளியூரில் நடக்கும் வகுப்பைப் பார்க்கப் போனால் அவர் பள்ளியில் ஐந்து வகுப்பும் ஒரே ஆள் தலையில் விழும். இணையம் தீர்த்துவைப்பது இந்தச் சிக்கலைத்தான். எனவே கூட்டத்தைவிட, கூட்டங்களுக்கு இடையே நடக்க வேண்டிய வேலையை இணையத்துக்கு நகர்த்துவதே முதல் நோக்கம்.

எதை நகர்த்தலாம், எதைக் கூடாது

நோட்டுப் படங்களைப் பகிர்வது, பாடக்குறிப்பைச் சேர்ந்து எழுதுவது, வகுப்பு வீடியோவைப் பார்ப்பது, மறுசோதனை முடிவுகளைத் தொகுப்பது ஆகிய நான்கும் இணையத்தில் நன்றாகவே நடக்கும். சிலவற்றில் நேரில் செய்வதைவிடவும் நன்றாக நடக்கும், ஏனெனில் வாய் பேசாதவர்களும் எழுதுவார்கள்.

முதல் சந்திப்பு மட்டும் நேரில்தான் நடக்க வேண்டும். அரை நாள் போதும். முகம் தெரியாதவர் முன்னால் யாரும் தன் வகுப்புப் பிள்ளைகளின் தப்பை எடுத்து வைக்கமாட்டார்கள். துணைக்கருவி செய்து பழகுவதும் நேரில்தான். தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் வந்தபோது கையில் வாங்கிப் பார்த்த அட்டைகளையும் செயல்பாடுகளையும் திரையில் மட்டும் பார்த்திருந்தால் வகுப்பில் பாதிகூடப் போய்ச் சேர்ந்திருக்காது.

படி 1: குழு அமைத்தல்

ஆறு பேர் சரியான எண்ணிக்கை. நாலுக்குக் கீழே போனால் ஒருவர் மாற்றுப்பணிக்குப் போனதும் குழு படுத்துவிடும். எட்டைத் தாண்டினால் நாற்பது நிமிடத்தில் எல்லோரும் பேச முடியாது. எல்லோரும் ஒரே வகுப்பு, ஒரே பாடம் எடுப்பவர்களாக இருக்க வேண்டும்: நான்காம் வகுப்புக் கணக்கு, ஏழாம் வகுப்பு அறிவியல் என்பதுபோல. ‘எல்லாப் பாட ஆசிரியரும் சேரலாம்’ என்று திறந்துவிட்டால் பேச்சு தானாகவே எமிஸ் (பள்ளித் தகவல் தளம்) பதிவு, அரியர், இடமாறுதல் என்று போய் நின்றுவிடும்.

பள்ளிகளைக் கலந்து எடுங்கள். மானூர்ப் பக்கம் ஒரு கிராமப் பள்ளி, பாளையங்கோட்டை நகர்ப்புறத்தில் ஒன்று, களக்காட்டில் மலையடிவாரப் பள்ளி ஒன்று, உவரி மாதிரிக் கடற்கரை ஊரில் ஒன்று. ஒரே தப்பு நாலு ஊரிலும் வருகிறது என்று கண்ணால் பார்க்கும்போதுதான், ‘எங்க பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது’ என்ற பேச்சு அடங்கும். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பிறகு, முன்பு ஒரே பயிற்சியில் உட்கார்ந்த பல பேர் பிரிந்துவிட்டார்கள். இணையக் குழுவுக்கு மாவட்ட எல்லை தேவையில்லை. ஆலங்குளத்து ஆசிரியரைப் பாப்பாக்குடிக் குழுவில் சேர்ப்பதில் தப்பில்லை.

குழுவில் மேலதிகாரி யாரும் இருக்கக் கூடாது. தலைமையாசிரியரும் வட்டாரக் கல்வி அலுவலரும் முன்னனுமதி தரட்டும், முடிவில் ஒரு பக்கக் குறிப்பைப் பெறட்டும். அவர்கள் வாட்ஸ்அப் குழுவுக்குள் வந்த மறுநாளே எல்லோரும் வகுப்பில் முதல் மார்க் வாங்கும் பிள்ளையின் நோட்டை மட்டும் படமெடுத்துப் போடுவார்கள். வட்டார வள மையத்தின் ஆசிரியப் பயிற்றுநர் வருவதென்றால் ஆய்வு செய்பவராக வராமல், உறுப்பினராக வந்து தானும் ஒரு வகுப்பு எடுக்கட்டும். பாடப் பொருளில் ஐயம் வந்தால் கேட்க முனைஞ்சிப்பட்டி மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். குழுவின் கேள்விகளைத் தொகுத்து, நாலு வாரம் ஓடும் ஒரு சுழற்சிக்கு ஒருமுறை அனுப்பினால் போதும்.

வேலையை மூன்றாகப் பிரியுங்கள். நடத்துநர் பேச்சை வரிசைப்படுத்துவார். ஏடு வைப்பவர் எல்லாவற்றையும் ஒரே ஆவணத்தில் சேர்ப்பார். மூன்றாமவர் கருவி பார்ப்பவர். கூட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்பே உள்ளே வந்து, ‘டீச்சர், உங்க மைக் ஆஃப்ல இருக்கு’ என்று சொல்வதுதான் அவர் வேலை. நடத்துநரே இதையும் செய்தால் முதல் கால் மணி நேரம் காலி.

படி 2: கருவிகள்

ஆசிரியர்களில் பெரும்பாலோர் போனில்தான் வருவார்கள் என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும். மூன்று கருவி போதும்: தினசரி வேலைக்கு வாட்ஸ்அப், கூட்டத்துக்கு மீட் அல்லது ஜூம், ஏட்டுக்கு ஒரு கூகுள் டாக்ஸ். புதுச் செயலி எதையும் இறக்கச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு புதுச் செயலிக்கும் குழுவில் ஒருவர் கழன்றுகொள்வார்.

இலவசக் கணக்கில் மூன்று பேரோ அதற்கு மேலோ கூடினால் மீட் 60 நிமிடத்தில் முடிந்துவிடும், ஜூம் 40 நிமிடத்தில். இதைக் குறையாக நினைக்க வேண்டாம். 40 நிமிடம் நல்ல வேலி. ஜூம் இலவசக் கணக்கிலேயே சிறு அறைகளாகப் பிரிக்கலாம், மீட் இலவசக் கணக்கில் அந்த வசதி இல்லை. ஆறு பேருக்கு அது தேவையும் இல்லை. மூன்று மூன்று பேராகப் பேச வேண்டுமென்றால் வாட்ஸ்அப் அழைப்பே போதும்.

எல்லோரும் வீடியோவை ஆன் செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 1 ஜிபியை நெருங்கலாம். நாளைக்கு ஒன்றரை ஜிபி என்று பேக் போட்டிருப்பவருக்கு அன்றைய நெட் அதோடு சரி. முதல் மூன்று நிமிடம் முகம் காட்டி வணக்கம் சொல்லிவிட்டு, பிறகு பேசுபவர் மட்டும் வீடியோ வைத்தால் போதும்.

எழுத்துருவில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பள்ளிக் கணினியில் பாமினியிலோ வானவில்லிலோ அடித்த பாடக்குறிப்பைக் குழுவில் போட்டால், மற்றவர்கள் போனில் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றி அனுப்புங்கள். மாற்ற வராவிட்டால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள், படிக்கவாவது முடியும். பிடிஎஃபை மற்றவர்கள் திருத்த முடியாது என்பதால் சேர்ந்து எழுதும் குறிப்புக்கு அது உதவாது. போனில் தமிழ் தட்டத் தயங்குபவர்களுக்கு ஜிபோர்டு விசைப்பலகையின் குரல் தட்டச்சு கைகொடுக்கும். நெல்லைப் பேச்சை அது சில இடத்தில் கோணலாக எழுதும், பரவாயில்லை.

படி 3: ஒரு சுழற்சி, நாலு வாரம்

நான்காம் வகுப்புக் கழித்தலை எடுத்துக்கொண்டு முழுச் சுழற்சியையும் பார்ப்போம்.

முதல் வாரம். ஆறு பேரும் தத்தம் வகுப்பில் ஒரே மூன்று கணக்கைக் கொடுக்கிறார்கள்: 731 − 258, 402 − 178, 500 − 236. எண்களை யோசித்துத்தான் எடுக்க வேண்டும். முதலாவது சாதாரணக் கடன் வாங்கல். இரண்டாவதில் நடுவில் பூஜ்ஜியம். மூன்றாவதில் இரண்டு பூஜ்ஜியம். ஒவ்வொருவரும் ஐந்து தாளைப் படமெடுத்துப் போட வேண்டும், அதில் குறைந்தது மூன்று தப்பான விடையாக இருக்க வேண்டும். படம் எடுக்கும்போது பிள்ளையின் பெயரை விரலால் மறைத்துவிடுங்கள். படத்துக்குக் கீழே பள்ளிக்கு ஒரு எழுத்து, பிள்ளைக்கு ஒரு எண் (அ-7, இ-12). வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி, பென்சில் எழுத்து மங்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

இரண்டாம் வாரம். படங்களைத் தப்பின் வகைப்படி பிரிக்க வேண்டும். எத்தனை பேர் சரி, எத்தனை பேர் தப்பு என்று எண்ணுவது இங்கே பயன்படாது. 402 − 178-க்கு ஒரு பிள்ளை 376 எழுதியிருக்கிறது. இன்னொன்று 324. சரியான விடை 224. இரண்டும் தப்பு என்று சுழித்துவிட்டுப் போவது எளிது. பக்கத்துக் கணக்கையும் பாருங்கள். 376 போட்ட பிள்ளை முதல் கணக்குக்கு 527-ம் மூன்றாவதற்கு 336-ம் எழுதியிருக்கும். அதாவது ஒவ்வொரு நிரலிலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழிக்கிறது. கடன் வாங்குதல் என்பதே அதற்குப் போய்ச் சேரவில்லை. 324 போட்ட பிள்ளையோ முதல் கணக்கை 473 என்று சரியாகவே செய்திருக்கும், மூன்றாவதை 364 என்று போட்டிருக்கும். அது பூஜ்ஜியத்தை 9 ஆக்குகிறது, ஆனால் நூறிலிருந்து ஒன்றைக் குறைக்கவில்லை. முதல் பிள்ளைக்கு ஈர்க்குக் கட்டைப் பிரிப்பதிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு, அந்த 9 எங்கிருந்து வந்தது என்று காட்டினால் போதும். இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்து ‘இன்னொருமுறை கவனமாப் போடு’ என்று சொல்வதால் பயன் இல்லை.

இந்தப் பிரிப்பு நடக்கும் இடம்தான் முழு வேலையின் சாரம். அவசரப்படாதீர்கள். மூன்று நாள் அவகாசம் கொடுத்து, குரல் பதிவிலேயே நடக்கட்டும். ஒரு பதிவு இரண்டு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. எந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறீர்களோ அதை இழுத்து, அதற்குப் பதிலாகவே அனுப்ப வேண்டும். இல்லையென்றால் மாலைக்குள் எது எதற்குப் பதில் என்று யாருக்கும் தெரியாது.

அந்த வாரக் கடைசியில் முதல் நேரலைக் கூட்டம், பாடக்குறிப்பு எழுத. ஈர்க்குக் கட்டுகளா, விளையாட்டுப் பணமா என்பது போன்ற முடிவுகள் இங்கே. நாலு நூறு ரூபாய்த் தாளும் இரண்டு ஒரு ரூபாய்க் காசும் வைத்திருக்கும் பிள்ளை 178 ரூபாய் கொடுக்க வேண்டுமென்றால், முதலில் ஒரு நூறைப் பத்துப் பத்தாகச் சில்லறை மாற்றியே ஆக வேண்டும். 9 எங்கிருந்து வந்தது என்பது அப்போது பிள்ளையின் கையிலேயே தெரியும். குறிப்பு ஒரு பக்கம் தாண்டக் கூடாது. ‘பிள்ளைகள் என்ன சொல்லக்கூடும்’ என்று ஒரு பகுதி அதில் கட்டாயம் இருக்கட்டும். வழக்கமான பாடக்குறிப்பில் விட்டுப்போவது அதுதான்.

மூன்றாம் வாரம் ஒருவர் பாடத்தை நடத்திப் பதிவு செய்கிறார். நான்காம் வாரம் இரண்டாவது நேரலைக் கூட்டம், திருத்தம், மற்றவர்கள் தங்கள் வகுப்பில் நடத்துவது. பிறகு மறுசோதனை. எண்களை மாற்றி, அதே அமைப்பில்: 642 − 375, 603 − 247, 800 − 352. முதல் வாரம் படமெடுத்த அதே பிள்ளைகளின் தாளைத்தான் மறுபடியும் எடுக்க வேண்டும்.

படி 4: வகுப்பைப் படம் பிடித்தல்

முழுப் பாடவேளையையும் எடுத்து அனுப்பினால் யாரும் பார்க்கமாட்டார்கள். மூன்று துண்டு போதும், ஒவ்வொன்றும் மூன்று நிமிடத்துக்குள்: வேலையைக் கொடுக்கும் இடம், பிள்ளைகள் செய்யும் இடம், முடிவில் பேசும் இடம். நடுத் துண்டில் கேமரா ஆசிரியரைப் பார்க்கக் கூடாது. ஒரு குழுவின் கைகளும் நோட்டும் காசும் தெரிந்தால் போதும். பலபத்தைத் தூக்கி, தயங்கி, மறுபடி வைக்கும் ஒரு கை சொல்வதை ஆசிரியர் கரும்பலகைமுன் பேசும் அரை மணி நேரம் சொல்லாது.

போனில் 720 என்ற அளவை வைத்து எடுங்கள். 1080-ல் வைத்தால் பல போன்களில் ஒரு நிமிடமே 100 எம்பியைத் தொட்டுவிடும். ஜன்னல் போனுக்குப் பின்னால் இருக்கட்டும். ஜன்னலைப் பார்த்து எடுத்தால் எல்லோரும் நிழலாகத் தெரிவார்கள். அதைவிடப் பெரிய தொல்லை ஒலி. ஆடிக் காற்றில் பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் ஜன்னலைத் திறந்து வைத்து எடுத்த பதிவில் காற்றுச் சத்தம் தவிர எதுவும் கேட்காது. மின்விசிறிக்கு நேர்கீழே வைத்தாலும் அதே கதை. இன்னொரு போனைக் குரல் பதிவில் போட்டு, பிள்ளைகளின் குழு நடுவே ஒரு துணிமேல் வைத்துவிடுங்கள். படம் சுமாராக இருந்தாலும் பிள்ளைகள் பேசுவது காதில் விழுந்தால் போதும்.

பெற்றோர் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைக் குழந்தைகள் என்று கொண்டு, அவர்கள் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சொல்லி, அங்கேயே கையெழுத்து வாங்குவது எளிது. அனுமதி இருந்தாலும் முகம் தெரியாமல் எடுப்பதே நல்லது. சுழற்சி முடிந்ததும் வீடியோக்களை எல்லோர் போனிலிருந்தும் அழிக்க வேண்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் பழக்கம் இருப்பவரிடம் முதல் நாளே தனியாகச் சொல்லிவிடுங்கள்.

படி 5: நாற்பது நிமிடக் கூட்டம்

வீடியோவைக் கூட்டத்தில் ஓட்டாதீர்கள். திரைப் பகிர்வில் போனிலிருந்து ஓட்டினால் படம் திக்கித் திக்கி வரும், ஒலி பல நேரம் வரவே வராது. இரண்டு நாள் முன்பே அனுப்பி, பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

முதல் ஐந்து நிமிடம் ஒலி சரிபார்ப்பும் வணக்கமும். அடுத்த ஐந்தில் பாடம் நடத்தியவர் முதலில் பேசுகிறார். தன் பாடத்தில் எது இடித்தது என்று அவரே சொல்லிவிட்டால் மற்றவர்கள் சுட்டிக்காட்ட வேண்டிய சங்கடம் பாதி குறையும். அடுத்த பத்து நிமிடம் ஒவ்வொருவரும் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும்: ‘இரண்டாவது துண்டில் இடது பக்கப் பிள்ளை நூறை மாற்றாமல், எழுபது ரூபாய் இல்லை என்று சொன்னது.’ ‘நல்லா இருந்துச்சு’, ‘கொஞ்சம் வேகமாப் போயிட்டு’ இரண்டும் இங்கே செல்லாது. அதன்பின் பதினைந்து நிமிடம், ஏன் அப்படி நடந்தது, குறிப்பில் எதை மாற்றுவது. கடைசி ஐந்து நிமிடம் யார் எப்போது மறுபடி நடத்துகிறார் என்ற பட்டியல்.

‘யாராவது எதாவது சொல்லணுமா?’ என்று பொதுவாகக் கேட்டால் மௌனம்தான் பதில். பேச்சு வரிசையை முந்தைய நாளே குழுவில் போட்டுவிட்டு, பெயர் சொல்லிக் கேளுங்கள்: ‘டீச்சர், அந்த 324 போட்ட பிள்ளை இந்தச் சில்லறை விளையாட்டுல எங்க மாட்டியிருக்கும்னு நினைக்கிய?’ கேள்வி ஒரு பிள்ளையைப் பற்றி இருக்கும்போது யாரும் பதில் சொல்லத் தயங்குவதில்லை. பணியில் மூத்தவர் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் பேசிவிட்டால் மற்ற ஐந்து பேரும் ‘சார் சொன்னதுதான்’ என்று முடித்துவிடுவார்கள்.

நேரமும் நாளும்

இரவு எட்டு மணிக் கூட்டம் பலருக்குப் பழகிவிட்டது. ஆனால் பெண் ஆசிரியர்கள் அந்நேரம் சமையலையும் வீட்டுப் பிள்ளைகளின் பாடத்தையும் ஒருசேரப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். காது மட்டும்தான் கூட்டத்தில் இருக்கும். நாலரை மணிக்கு வைத்தால் திசையன்விளை பஸ்ஸில் நின்றுகொண்டு பேச வேண்டும். சனிக்கிழமை காலை பத்தரை மணி ஓரளவு எல்லோருக்கும் ஒத்துவரும். அதைக் குறுவள மையக் கூட்டத்தோடு சேர்த்துக் கணக்கிடுவதா, ஈடுசெய் விடுப்பு உண்டா என்பதை முதல் கூட்டத்துக்கு முன்பே அலுவலரிடம் பேசி எழுத்தில் வாங்குங்கள். தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆண்டுக்கு 50 மணி நேரத் தொடர் பணிமேம்பாடு என்று பேசுகிறது. மணிக்கணக்குக் கேட்கப்பட்டால் காட்ட உங்கள் ஏடு உதவும்.

நாள் குறிக்கும் முன் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைப் பாருங்கள். துணை மின்நிலையவாரியாகச் செய்தித்தாளில் வரும், பெரும்பாலும் காலை 9 மணிக்கே கரண்ட் போய்விடும். ஆனித் தேரோட்டம், ஆடி அமாவாசைக்குக் காரையார் சொரிமுத்து அய்யனார் கோவில் கூட்டம் ஆகியவற்றை ஒட்டிய வாரங்களில் அம்பாசமுத்திரம், நெல்லை டவுன் ஆட்களை எதிர்பார்க்க வேண்டாம். ஜூலை நடுவில் ஒரு சுழற்சி, காலாண்டுத் தேர்வுக்கு முன் ஒன்று, ஜனவரிக்குப் பிறகு ஒன்று என ஆண்டுக்கு மூன்று தாங்கும். டிசம்பரை விட்டுவிடுங்கள். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது கரண்டும் சிக்னலும் போனதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அது போக அரையாண்டுத் தேர்வு வேறு.

மலைப் பள்ளிகளைச் சிக்னலை நம்பிச் சேர்க்காதீர்கள். பாபநாசத்துக்கு மேலே வேலை பார்ப்பவருக்கு நேரலைக் கூட்டம் கட்டாயமில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் கீழே இறங்கும் நாளில் படங்களையும் குரல் பதிவுகளையும் மொத்தமாக இறக்கிக்கொண்டு, தன் பதிலைக் குரலாகவே அனுப்பட்டும். கூட்டத்தில் அவர் முறை வரும்போது கருவி பார்ப்பவர் அந்தப் பதிவை ஓட்ட வேண்டும். அவரை ‘வராதவர்’ என்று ஏட்டில் குறிக்கக் கூடாது.

எங்கே கோளாறு வரும்

முதல் வாரத்திலேயே குழு அமைதியாகிவிடும். இது அநேகமாக எல்லாக் குழுவிலும் நடக்கும். காரணம் சோம்பல் என்று நினைக்க வேண்டாம், பெரும்பாலும் முதல் படம் போட யாருக்கும் மனம் வராததுதான். நடத்துநர் தன் வகுப்பின் மோசமான தாளை முதலில் போட வேண்டும். குழு மறுநாளே பேசத் தொடங்கும்.

காலை வணக்கம், அரசாணை பிடிஎஃப், வெற்றிலைப் பிள்ளையார் படங்கள் வரத் தொடங்கினால் அன்றே நிறுத்துங்கள். நட்புக்கு வேறு குழு வைத்துக்கொள்ளலாம். நூறு செய்திக்கு நடுவே அ-7 தாளைத் தேட யாருக்கும் பொறுமை இருக்காது.

எல்லோரும் எல்லாவற்றையும் புகழ்வது மூன்றாவது கோளாறு. கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்தால் கூட்டம் செத்துவிட்டது என்று பொருள். பார்த்ததை மட்டும் சொல்லும் விதியை மறுபடி நினைவூட்டுங்கள். அப்படியும் மாறாவிட்டால் ஒரு சுழற்சிக்கு வீடியோவை விட்டுவிட்டு நோட்டுகளை மட்டும் வைத்து நடத்துங்கள். ஒரு பிள்ளையின் தப்பைப் பற்றிப் பேசுவதற்கு முகஸ்துதி தேவைப்படாது.

அலுவலகத்துக்கு அனுப்பும் குறிப்பில் வருகை எண்ணிக்கையை ஒரு வரியில் முடித்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் எந்தெந்த வகைத் தப்பு எத்தனை பிள்ளைகளிடம் இருந்தது, மறுசோதனையில் எத்தனை மிஞ்சியது, பாடக்குறிப்பில் எந்த இடம் மாறியது என்ற மூன்றும் ஒரு பக்கத்தில் அடங்கும். மிஞ்சியவர்களின் எண்ணை மறைக்க வேண்டாம். 376 போட்ட பிள்ளைகளில் சிலர் நாலு வாரத்தில் மாறமாட்டார்கள். அவர்களுக்கு மூன்றாம் வகுப்பின் இடமதிப்பிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அடுத்த சுழற்சிக்கான கேள்வியை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள், நடத்துநரை மட்டும் மாற்றுங்கள்.